அந்த மஞ்சள் சோப்பு அக்காவோட தப்பு இல்ல

இந்தப் புக்க கையில வச்சிருக்கிற சொந்தக்காரங்களுக்கும் கூட்டாளிங்களுக்கும் வணக்கம். முன்பக்கத்துல நல்ல தமிழ்ல எழுதியிருக்கிறது சின்னக்கா. அங்க பெரிய பெரிய வார்த்தையெல்லாம் இருக்கும். இங்க இருக்காது. நான் ஃபோர்ம் த்ரீயோட ஸ்கூலுக்கு சலாம் போட்டவன், பேசுற மாதிரிதான் எழுத வரும். இந்தப் புக்கு எங்க பெரியக்கா நெனைவுக்கு; வீட்டுல அவங்கள நீ வா போன்னுதான் கூப்பிடுவேன். புக்குல வருதேன்னு கொஞ்சம் மரியாதை சேர்த்திருக்கேன். அக்கா இதப் படிச்சா "யாருடா இது, ஆள் மாறாட்டமா?"ன்னு கேப்பாங்க.

மச்சான் "உனக்கு அரைப் பக்கம் போதும்லா"ன்னார். மச்சான்னா சின்னக்கா வீட்டுக்காரர். ஏர்கோன் மாட்டுற வேலையில எனக்கு மொதலாளியும் அவர்தான். மன்னிச்சிருங்க மச்சான், அரைப் பக்கத்துல முடியல. ஏழு வருஷமா நான் சொல்லாம வச்சிருந்த ஒரு விஷயம் இதுல இருக்கு. அச்சாபீசுக்கு இத எடுத்துட்டுப் போனது நான்தான். அதனால யாரும் முன்னாடியே படிச்சுட்டு "இது வேணாம்டா"ன்னு சொல்ல வழியில்ல.

அக்கா பொறந்தது கிள்ளான்ல. அப்பா லோரி ஓட்டிக்கிட்டிருந்தார். அக்காவுக்கு அப்புறம் அஞ்சு வருஷம் கழிச்சு சின்னக்கா, பன்னெண்டு வருஷம் கழிச்சு யாரும் கூப்பிடாமலே நான். அக்கா படிப்புல கெட்டி, கணக்குல ரொம்ப கெட்டி. மேல படிக்க ஃபாரமெல்லாம் வாங்கி வச்சிருந்தாங்க. அந்த வருஷம்தான் அப்பாவுக்கு கால்ல அடிபட்டு லோரிய விட்டார். அக்கா ஃபாரத்த மடிச்சு அலமாரியில வச்சுட்டு, கையுறை செய்யுற ஃபெக்டரிக்கு வேலைக்குப் போயிட்டாங்க. பதினேழு வருஷம் அதே ஃபெக்டரி. கல்யாணம் ஏன் வேணாம்னு யாராவது கேட்டா என்னக் காட்டி, "இத மேய்க்கவே நேரம் பத்தல"ம்பாங்க.

அந்த வேலையில அவங்க கை வீணாப் போச்சு. விரல் இடுக்கெல்லாம் வெடிச்சு சிவந்து நிக்கும். கடை சோப்பு எது போட்டாலும் எரியும். அப்பதான் போன்ல ஒரு வெள்ளைக்காரம்மா வீட்டுல சோப்பு செய்யுற வீடியோவப் பார்த்தாங்க. அந்தம்மா போட்டது ஆலிவ் எண்ணெய். நம்ம ஊர் கடையில அது சின்ன பாட்டில்ல, கண்ணாடி அலமாரிக்குள்ள, தங்கம் மாதிரி உக்காந்திருக்கும்.

ஒரு நாள் பஸ்ல வர்றப்ப அக்கா ஜன்னல் பக்கம் பார்த்துட்டு, "டேய், ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் செம்பனை. டேங்கர் லோரி லோரியா எண்ணெய் ஹார்பருக்குப் போகுது. நான் எதுக்குடா இத்தாலிக்காரன் எண்ணெய்க்கு அலையணும்?"ன்னாங்க.

"அப்ப பாக்கெட் பாம் ஆயில்ல சோப்பா? வடை வாசம் வரும்கா."

"உன் மேல வர்ற வாசத்துக்கு அது எவ்வளவோ தேவலை."

ஆனா அக்கா என்ன மாதிரி இல்ல, சும்மா மாத்தி ஊத்திட மாட்டாங்க. ஒரு ஸ்கூல் நோட்டு வாங்கி ஒவ்வொரு எண்ணெய்க்கும் ஒரு பக்கம் ஒதுக்கினாங்க. சோப்புன்னா எண்ணெயும் காஸ்டிக் சோடாவும் கலந்து வர்றது. எந்த எண்ணெய் எவ்வளவு சோடா குடிக்கும்னு ஒரு நம்பர் இருக்கு. கூடிப் போச்சுன்னா மிச்ச சோடா சோப்புலயே நின்னு தோல அரிக்கும். ஆலிவ்வும் செம்பனையும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான் குடிக்குமாம். அதனால ஆலிவ்வுக்கு பதிலா செம்பனை போட்டு, சோடாவ இம்மி கூட்டினாங்க, சோப்பு ஜம்முனு வந்துச்சு. நுரைக்கு பாதிக்குப் பாதி தேங்காய் எண்ணெய், நிறத்துக்குக் கொஞ்சம் மஞ்சள் தூள். ஒரு மாசம் காய வச்சு, கடைசியா ஒரு சோதனை. சோப்ப நாக்கு நுனியில வச்சுப் பார்க்கணும். நல்ல சோப்புன்னா சோப்பு ருசி. சோடா மிச்சமிருந்தா பேட்டரிய நக்கின மாதிரி சுரீர்னு இழுக்கும். அந்த சோதனை முடியாம ஒரு சோப்பு எங்க வீட்டு வாசலத் தாண்டாது.

மூணு மாசத்துல அக்கா கை ஆறிப் போச்சு. ஃபெக்டரி கூட்டாளிங்க கேட்டாங்க, அண்டை வீட்டுக்காரங்க கேட்டாங்க. அப்பதான் சின்னக்கா மாசமா இருந்தா. பிள்ளைக்கு பேர் வைக்கிற விழாவுல வர்றவங்களுக்கு என்ன டோர் கிஃப்ட் குடுக்கலாம்னு பேச்சு வந்தப்ப மச்சானே சொன்னார்: "பெரியக்கா சோப்பு குடுப்போம். பிள்ளைக்கும் அதையே போடுவோம்." அன்னைக்கு அக்கா மூஞ்சி இருந்ததப் பார்க்கணுமே. நூத்தி இருபது சோப்பு, ரெண்டு தடவையா செய்யணும்.

முதல் அறுபது அக்கா கையால. ரெண்டாவது அறுபது செய்யுற அன்னைக்கு ஃபெக்டரியில அரை நாள் ஓவர்டைம் வந்துருச்சு. "ரெண்டு கிலோ செம்பனை, ரெண்டு கிலோ தேங்காய் எண்ணெய். நிறுத்து வாளியில ஊத்தி வை. மத்தியானம் வந்து சோடா நான் கலக்குறேன். நீ சோடா கிட்டயே போகாத"ன்னு சொல்லிட்டுப் போனாங்க.

இனிமே வர்றதுதான் உங்க யாருக்கும் தெரியாதது.

நான் ஒரு கையில போன்ல கேம் விளையாடிக்கிட்டே இன்னொரு கையால தேங்காய் எண்ணெய் டின்ன தூக்கினேன். டின் வழுக்கிச்சு. ரெண்டு கிலோவும் தரையில. அப்பாவோட பழைய சாரோங் கைலிய எடுத்துத் துடைச்சேன், பேப்பர் போட்டு ஒத்தினேன். கடைக்கு ஓடியிருக்கலாம். ஓடல. அடுக்களையில ஒரு கிலோ பாக்கெட் செம்பனை எண்ணெய் ரெண்டு இருந்துச்சு. 'ஆலிவ்வுக்கு பதிலா அக்காவே இதத்தானே போட்டாங்க, தேங்காய்க்கு பதிலா போட்டா என்ன'ன்னு ரெண்டையும் பிச்சு ஊத்தினேன். எடை சரியா இருந்துச்சு. நான் பெரிய சயன்டிஸ்ட்டுன்னு நெனச்சுக்கிட்டேன். அக்கா வந்தாங்க, வாளியத் தராசுல வச்சுப் பார்த்தாங்க, சரின்னு சொல்லி மஞ்சளும் சோடாவும் கலந்தாங்க.

ஒரு மாசம் கழிச்சு, விழாவுக்கு முந்தின நாள், சோப்பெல்லாம் பைக்குள்ள போடுறப்ப அக்கா கேட்டாங்க.

"ரெண்டாவதா செஞ்ச தட்டுல நாக்கு வச்சுப் பார்த்தியாடா?"

"பார்த்தேன்கா. தேன் மாதிரி இருக்கு."

பார்க்கவே இல்ல. தட்டு ரெண்டையும் கலந்து வேற வச்சுட்டேன்.

விழா கிள்ளான்ல, மண்டபத்துல. நான் மச்சான்கிட்ட வேலைக்குச் சேர்ந்து அன்னைக்குத்தான் ரெண்டு வாரம். பாப்பா கூட்டத்தப் பார்த்து அழுதுகிட்டே இருந்ததால, பேர் வச்ச கையோட சின்னக்கா பிள்ளையத் தூக்கிக்கிட்டு ஒரு கூட்டாளி கார்ல பிரிக்பீல்ட்ஸ் வீட்டுக்குக் கிளம்பிட்டா. கூடவே பாப்பாவுக்குன்னு பத்து சோப்பு. மச்சான் மண்டபத்துல இருந்தார்.

பந்தி முடியுற நேரம். கை கழுவுற இடத்துல எங்க பக்கத்து வீட்டு பத்மா ஆன்டி பையிலிருந்து சோப்பப் பிரிச்சு கைய கழுவினாங்க. அடுத்த நிமிஷம் ஒரு சத்தம்.

"அடியே, இது சோப்பா மொளகாயாடி?"

எல்லாரும் சிரிச்சாங்க. நானும்தான். அக்கா சிரிக்கல. போய் அந்த சோப்ப வாங்கி நாக்கு நுனியில வச்சாங்க. அவங்க தலை பின்னால வெடுக்குனு போச்சு.

அக்கா நேரா மேடைக்குப் போனாங்க. அறிவிப்பு சொல்றவர் கையிலிருந்த மைக்க வாங்கினாங்க. "பையில இருக்கிற சோப்ப யாரும் போடாதீங்க. அளவு தப்பாயிருச்சு. தயவுசெஞ்சு திருப்பிக் குடுத்துருங்க"ன்னாங்க. உங்கள்ல பாதிப் பேர் அன்னைக்கு அங்க இருந்தவங்க, ஞாபகம் இருக்கும்.

மச்சான் மேடைக்கு கீழ வந்து நின்னார். "பாப்பாவ எத்தன மணிக்கு குளிப்பாட்டுவா?"ன்னு அக்கா கேட்டாங்க.

"அஞ்சு மணிக்கு. ஐயோ அக்கா, அதுக்கும் இதே சோப்புதானே?"

மணி நாலேகால். மச்சான் போன் போட்டார், எடுக்கல. அக்கா போட்டாங்க, எடுக்கல. பிள்ள தூங்கினா சின்னக்கா போன சைலண்ட்ல போட்டுருவா. மச்சான் காருக்கு ஓடினார். அக்கா என் சட்டையப் பிடிச்சு, "ஞாயித்துக்கிழம ஹைவே ஜாமா இருக்கும். மோட்டார் சைக்கிள எடு"ன்னாங்க.

பட்டுச் சேலையோட அக்கா பின்னால, நான் முன்னால. ஃபெடரல் ஹைவே மோட்டார் லேன்ல பிச்சுக்கிட்டுப் போறேன். முதுகுக்குப் பின்னால அக்கா தனக்குத்தானே பேசுறது காதுல விழுது. "தராசு சரியாத்தானே இருந்துச்சு. சோடாவ ரெண்டு தடவ நிறுத்தேனே. நான் எங்க விட்டேன்?" ஷா ஆலாம் தாண்டுறதுக்குள்ள மழை கொட்ட ஆரம்பிச்சுருச்சு. கண்ணு தெரியல. எல்லா மோட்டார்காரனையும் மாதிரி நானும் ஒரு பாலத்துக்கு அடியில நிப்பாட்டினேன், மழைக்கோட்டு எடுக்க.

இருபது முப்பது மோட்டாருக்கு நடுவுல நின்னு அக்கா திரும்பவும் போன் போட்டாங்க. எடுக்கல. "நான் எங்கடா விட்டேன்?"ன்னு என்னையே கேட்டாங்க. அதுக்கு மேல முடியல.

"அக்கா, தேங்காய் எண்ணெய் கொட்டிருச்சு. நான் செம்பனைய ஊத்திட்டேன். நாக்கும் வைக்கல."

அடிப்பாங்கன்னு நெனச்சேன். அடிக்கல. என் மூஞ்சியவே பார்த்தாங்க.

"எவ்வளவு ஊத்தினே?"

"ரெண்டு கிலோ. முழுசும்."

அக்கா கண்ண மூடி கணக்குப் போட்டாங்க. "தேங்காய் எண்ணெய் குடிக்கிற அளவுக்கு செம்பனை சோடா குடிக்காதுடா. கிலோவுக்கு நாப்பது கிராம் கம்மியா குடிக்கும். எண்பது கிராம் சோடா குடிக்க ஆளில்லாம அந்த அறுபது சோப்புல நிக்குது." கண்ணத் திறந்தாங்க. "பொறந்து ஒரு மாசம்தான் ஆகுது அந்தப் பிள்ளைக்கு. வண்டிய எடு."

"கோட்டு..."

"எடுறா வண்டிய!"

பங்சார் வர்றப்ப அஞ்சு ஆக எட்டு நிமிஷம். பிரிக்பீல்ட்ஸ் ஃப்ளாட்டுல லிஃப்ட் எட்டாவது மாடியிலயே நின்னுக்கிட்டிருக்கு. அக்கா செருப்பக் கழட்டி கையில பிடிச்சுக்கிட்டு படியேறிட்டாங்க. ஆறாவது மாடி. கிரில் கதவ அடி அடின்னு அடிச்சோம். உள்ள தண்ணி சத்தம். பாப்பா அழற சத்தம்.

சின்னக்கா ஈரக் கையோட வந்தா. "என்னலா, கதவ ஒடைப்பீங்க போல. குளிப்பாட்டிக்கிட்டு இருக்கேன், என்னமோ இன்னைக்கு ரொம்ப அழுவுறா..."

அக்கா அவள இடிச்சுத் தள்ளிட்டு உள்ள ஓடினாங்க. தொட்டியில படுத்திருந்த பாப்பாவோட ஒரு கால்ல மட்டும் மஞ்சள் நுரை. அக்கா பிள்ளையத் தூக்கி அந்தக் கால குழாய்க்கு அடியில பிடிச்சாங்க. பாப்பா கத்துறா, சின்னக்கா கத்துறா, அக்கா மட்டும் தண்ணிய ஓட விட்டுக்கிட்டே இருந்தாங்க. நான் கதவுகிட்ட நின்னேன். என் மேலேர்ந்து மழைத் தண்ணி சொட்டிக்கிட்டே இருந்துச்சு.

கெண்டைக்கால்ல அம்பது காசு அளவுக்கு சிவப்பு. அவ்வளவுதான். கிளினிக்ல களிம்பு குடுத்தாங்க, மூணாவது நாள் மறைஞ்சுருச்சு. ஆனா அன்னைக்கு அந்த சிவப்ப மச்சான் பார்த்தார். அரை மணி நேரம் கழிச்சு வந்து பிள்ளையக் கையில வாங்கி, கால தடவிப் பார்த்துட்டு, "யாரு வேல இது?"ன்னார்.

நான் வாயத் திறந்தேன். அதுக்குள்ள அக்கா, "நான்தான். அளவ தப்பா நிறுத்துட்டேன்"ன்னாங்க. சொல்லிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாங்க. என் வாய் மூடிக்கிச்சு.

மச்சான் அன்னைக்கு சொன்னத நான் இங்க எழுத மாட்டேன். பெத்த அப்பன் பேசுறதுதான் அது. கடைசியா, "இனிமே உங்க சோப்பு என் வீட்டு வாசப்படி ஏறக் கூடாது"ன்னார். அக்கா தலையாட்டினாங்க.

லிஃப்ட்ல எறங்குறப்ப கேட்டேன், "ஏன்கா?"

"எத்தன கடையில வேலைக்குச் சேர்ந்து எத்தன நாள் தாங்கினே நீ? இங்கதான் ரெண்டு வாரம் தாண்டியிருக்கே. எனக்கு போனா சோப்பு மட்டும்தான் போகும்."

கீழ வந்ததும் சொன்னாங்க, "என்கிட்ட எத்தன பொய் வேணாலும் சொல்லு. நாக்குல வைக்காம வச்சேன்னு மட்டும் இனிமே சொல்லாத."

அடுத்த ரெண்டு வாரம் வேல முடிஞ்சு அக்கா சுங்கை பூலோ, அம்பாங்னு வீடு வீடாப் போயி மிச்ச சோப்ப வாங்கிட்டு வந்தாங்க. ஒவ்வொரு வாசல்லயும் மன்னிப்பு கேட்டாங்க. மோட்டார் ஓட்டினது நான். ஒரு வாசல்லயும் நான் எறங்கல.

அன்னையிலிருந்து அக்காவுக்கு பேரு மொளகா சோப்பு. எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் யாராவது ஒருத்தர், "வாம்மா மொளகா, இன்னைக்கு பையில ஒண்ணும் இல்லையே?"ம்பாங்க. அக்கா சிரிச்சுட்டு போயிருவாங்க. இதுல கேவலம் என்னன்னா, அந்தப் பேரச் சொல்லி அதிகம் சிரிக்க வச்சவன் நான்தான். மத்தவங்க மறந்தாலும் நான் எடுத்துக் குடுப்பேன். எல்லாரும் அக்காவப் பார்த்து சிரிச்சா என்னை யாரும் பார்க்க மாட்டாங்கல்ல.

அக்கா சோப்ப விடல. அவங்களுக்கும் ஃபெக்டரி கூட்டாளிங்களுக்கும் மட்டும் செஞ்சுக்கிட்டிருந்தாங்க. நோட்டுல புதுசா ஒரு பக்கம் சேர்ந்துச்சு, செம்பனைக் கொட்டை எண்ணெய். பழத்துச் சதையில வர்றது ஒரு எண்ணெய், உள்ள கொட்டையில வர்றது வேற எண்ணெய். கொட்டை எண்ணெய் சோடா குடிக்கிறதுல கிட்டத்தட்ட தேங்காய் எண்ணெய் மாதிரியாம். "அன்னைக்கு நீ இத ஊத்தியிருந்தா தப்பிச்சிருப்படா. சரியான மரம், தப்பான எண்ணெய்"ன்னாங்க. அந்த விஷயத்தப் பத்தி அவங்க பண்ணின ஒரே கிண்டல் அதுதான்.

போன வருஷம் அக்காவுக்கு புத்துநோய். மருந்து ஏற ஏற நாக்குல ருசி போச்சு. ரசம் வச்சுக் குடுத்தா தண்ணியாடாம்பாங்க. அந்த நெலமையிலயும் ஒரு நாள் நாற்காலியப் போட்டு உக்காந்து என்னை நிறுக்கச் சொன்னாங்க. பழ எண்ணெயும் கொட்டை எண்ணெயும், முழுக்க முழுக்க நம்ம ஊர் செம்பனை. பக்கத்து ரூம்ல போன வச்சுட்டு வந்துதான் நான் டின்ன தொட்டேன். எம்பத்தி நாலு சோப்பு வந்துச்சு.

சோப்பு காய ஒரு மாசம் ஆகும். மூணாவது வாரமே அக்காவ ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிட்டோம். கடைசியா அவங்க தெளிவாப் பேசினது ஒரு சாயங்காலம், நான் மட்டும் பக்கத்துல இருந்தப்ப.

"காஞ்சதும் எல்லாருக்கும் குடு. எனக்கு நாக்கு செத்துப் போச்சு. நீ வச்சுப் பாரு."

"ஒண்ண வச்சுப் பார்த்தா போதுமாக்கா?"

"நீ பார்த்தா எல்லாத்தையும் பாரு."

ரெண்டு நாள் கழிச்சு போயிட்டாங்க.

இனி நன்றி. ஒரு மாசம் மாறி மாறி சோறு கொண்டு வந்த ஃபெக்டரி அக்காமாருக்கு நன்றி. ஆஸ்பத்திரியில அக்காவுக்கு பொறுமையா தலை சீவி விட்ட நர்ஸுக்கு நன்றி. தூக்குறதுக்கு தோள் குடுத்த எங்க குடியிருப்பு தாமான் பசங்களுக்கு நன்றி. பத்மா ஆன்டிக்கு ரொம்ப நன்றி. அன்னைக்கு நீங்க கத்தலன்னா என்ன ஆகியிருக்கும்னு நான் இன்னும் நெனச்சுப் பார்க்கிறேன். கடைசி வரைக்கும் ஆஸ்பத்திரிக்கு அக்காவக் கூட்டிட்டுப் போய் வந்தது மச்சான் கார்தான். அதுக்கும் நன்றி.

மச்சான், இத நீங்க படிக்கிறப்ப நான் அக்காவோட நினைவுச் சாப்பாடு நடக்குற இந்த ஹாலுக்குள்ளதான் இருப்பேன். ஓட மாட்டேன். வேலைய விட்டு நிப்பாட்டுறதா இருந்தா நிப்பாட்டுங்க, ஏழு வருஷம் லேட்டுதான். பாப்பாவோட கால்ல சோடாவ வச்சது நான். அக்கா ஒரு கிராம் கூட தப்பா நிறுக்கல.

இந்தப் புக்கோட உங்க பையில ஒரு மஞ்சள் சோப்பு இருக்கும். அதுதான் அந்த எம்பத்தி நாலு. எல்லாத்தையும் நாக்குல வச்சுப் பார்த்தேன். ரெண்டு நாள் ஆச்சு, ரெண்டு நாளும் சோறு சோப்பு மாதிரி இருந்துச்சு. மூஞ்சிய சுளிக்காதீங்க, கழுவித் துடைச்சுத்தான் கட்டினேன். மச்சான் பையில மட்டும் ரெண்டு இருக்கு, ஒண்ணு பாப்பாவுக்கு.

வீட்டுக்குப் போய் கைய மட்டுமாவது கழுவிப் பாருங்க. எரிஞ்சா என்னைத் திட்டுங்க. அக்காவ இல்ல.